தழும்பேறிய நுரையீரலுக்கு ஸ்டெம் செல்: அபுதாபி அறிவிப்புக்குப் பிறகு

வளைகுடா வேலைக்குக் கிளம்பும் தமிழர்களுக்கு நுரையீரல் தழும்பு என்பது பெரும்பாலும் விசா மெடிக்கலில்தான் முதன்முதலாகக் காதில் விழும். சென்னையிலோ திருச்சியிலோ மார்பு எக்ஸ்ரே எடுப்பார்கள். முன்பு காம்கா மெடிக்கல் என்றார்கள், இப்போது வாஃபித். எப்போதோ வந்து ஆறிப்போன காசநோயின் வடு படத்தில் வெள்ளையாகத் தெரிந்தால் ‘அன்ஃபிட்’ என்று எழுதிவிடுவார்கள். ஏஜென்டிடம் கட்டிய பணமும் அடகு வைத்த நகையும் அந்த ஒரு சொல்லில் தொங்கும். அதனால்தான் ‘லங்ஸில் ஸ்கார்’ என்று யாராவது சொன்னால் லேபர் கேம்ப் அறையில் இருப்பவர்களுக்கு முதலில் டிபி ஞாபகம் வருகிறது.

இங்கே பேசப்போகும் தழும்பு வேறு. காசநோய் வடு பெரும்பாலும் ஆறிய புண்ணின் அடையாளம். இருந்த இடத்தில் இருக்கும். பல்மனரி ஃபைப்ரோசிஸ் எனப்படும் தழும்பு நோயிலோ, புண்ணை ஆற்றக் கிளம்பிய வேலை நிற்கவேண்டிய இடத்தில் நிற்பதில்லை. நுரையீரலில் கோடிக்கணக்கான காற்றுப்பைகள் உண்டு. அவற்றின் சுவர் மிக மெல்லியது; ஆக்சிஜன் அதைக் கடந்துதான் ரத்தத்துக்குப் போகிறது. சுவர் கிழிந்தால் தைப்பதற்கு நுரையீரலிலேயே இரண்டாம் வகைக் காற்றுப்பை செல்கள் இருக்கின்றன. காற்றுப்பைகளின் சொந்த ஸ்டெம் செல்கள் இவைதான். அடிமேல் அடி விழுந்து இவை ஓய்ந்துபோகும்போது நார்த்திசு செல்கள் வேலையை எடுத்துக்கொள்கின்றன. அவை கொலாஜனைக் கொட்டிக்கொண்டே போக, சுவர் தடித்து, நுரையீரல் விறைத்து, மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. கூடவே சளியில்லாத வறட்டு இருமல். மருத்துவர் முதுகின் கீழ்ப்பகுதியில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால், வெல்க்ரோ பட்டையை மெதுவாகப் பிரிப்பதுபோல் ஒரு சத்தம் கேட்கும். சி.டி. ஸ்கேனில் நுரையீரலின் அடியோரங்களில் தேன்கூட்டு ஓட்டைகள் தெரியும். காரணம் பிடிபடாத வகையை ஐ.பி.எஃப். என்பார்கள். மருந்தே இல்லாத காலத்தில் அதைக் கண்டறிந்த பின் பாதிப் பேர் 3 முதல் 5 ஆண்டுகளுக்குள் இறந்தார்கள்.

காரணம் பிடிபடும் வகைகளும் ஏராளம். இந்தியாவில் 27 மருத்துவமனைகள் சேர்ந்து 1,084 நோயாளிகளைப் பதிவுசெய்து 2017இல் வெளியிட்ட தொகுப்பில், ஏறத்தாழ பாதிப் பேருக்கு இருந்தது ஒவ்வாமை நுரையீரல் அழற்சி. பூஞ்சை, பறவை எச்சம், ஈரத் தூசு போன்றவற்றை நெடுங்காலம் சுவாசிப்பதால் வருவது அது. அவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் ஏர் கூலர் காற்றில் வாழ்ந்தவர்கள். ரியாத்தின் மன்னர் சவூத் பல்கலைக்கழக மருத்துவமனையில் 330 நோயாளிகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட கணக்கு வேறு கதை சொல்கிறது. அங்கே முதலிடம் முடக்குவாதம், தோலிறுக்க நோய் போன்ற இணைப்புத்திசு நோய்களுக்கு, ஐ.பி.எஃப். கால்வாசிக்கும் சற்றுக் குறைவு. இதோடு மார்பிள் அறுப்பு, மணல் வீச்சு, கல்பதிப்பு வேலைகளில் வரும் சிலிகோசிஸையும் சேர்த்துக்கொள்ளலாம். பூஞ்சை பிடித்த ஏசியைத் துடைத்தாலும், பால்கனிப் புறாக்களை விரட்டினாலும் சிலருக்கு நோய் அடங்கிவிடும். வேறு சிலருக்கு ஸ்டீராய்டு உதவும். ஐ.பி.எஃப். நோயாளிக்கு ஸ்டீராய்டு சேர்ந்த மருந்துக் கூட்டு கெடுதல் செய்யும். இத்தனை வேறுபாடுள்ள நோய்களுக்கு எல்லாம் ஒரே ஊசி என்று ஒரு விளம்பரம் சொல்லும்போதே சந்தேகம் வரவேண்டும்.

ஸ்டெம் செல் என்ற எண்ணம் வெறும் கற்பனையாகக் கிளம்பியதல்ல. 2003இல் அமெரிக்க ஆய்வாளர்கள் எலிகளின் நுரையீரலில் பிளியோமைசின் என்ற மருந்தால் தழும்பு உண்டாக்கி, உடனே எலும்பு மஜ்ஜையின் மீசன்கைமல் என்ற வகை ஸ்டெம் செல்களைச் செலுத்தினார்கள். தழும்பு குறைந்தது. அதன்பின் உலகெங்கும் எலிகள் குணமாகிக்கொண்டே இருந்தன. அந்தச் சோதனைகளில் ஒரு பொடி எழுத்து இருக்கிறது: அடிபட்ட உடனே செல்களைக் கொடுத்தால்தான் பலன் தெளிவாகத் தெரிந்தது, தழும்பு ஊன்றிய பிறகு கொடுத்தால் மங்கியது. போதாக்குறைக்கு, பிளியோமைசின் எலியின் தழும்பு பல சமயம் தானாகவே கரையும். மனித நோயாளி மருத்துவரிடம் வருவதோ ஆண்டுக்கணக்கில் தழும்பு ஊறிய பிறகு.

இந்தச் செல்கள் உடம்புக்குள் போய் என்ன செய்கின்றன என்பதிலும் விளம்பரத்துக்கும் ஆய்வகத்துக்கும் வெகுதூரம். கையில் நரம்பு வழியாக ஏற்றும் செல்களில் பெரும்பாலானவை முதல் சுற்றிலேயே நுரையீரலின் நுண்குழாய்களில் மாட்டிக்கொள்கின்றன. ‘நேரே நுரையீரலுக்கே போய்ச் சேருகிறது பாருங்கள்’ என்று மருத்துவமனை விற்பனையாளர் இதைத்தான் பெருமையாகக் காட்டுவார். மாட்டிய செல்களில் மிகப் பெரும்பான்மை ஓரிரு நாளில் மடிந்துபோகின்றன என்பதை அவர் சொல்வதில்லை. அவை புதிய காற்றுப்பையாக மாறுவதில்லை. பலன் ஏதாவது இருந்தால், சாவதற்குள் அவை சுரக்கும் பொருள்கள் அழற்சியைத் தணிப்பதால்தான் இருக்கவேண்டும் என்பதே இன்றைய புரிதல். ஐ.பி.எஃப்.-இல் முக்கிய எதிரி அழற்சிதானா என்பது தனிக் கேள்வி. அழற்சியை அடக்கும் மருந்துகள் அதில் தோற்றிருக்கின்றன.

அந்தத் தோல்வியைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். ஸ்டீராய்டு, அசதையோபிரின், என்-அசிட்டில்சிஸ்டீன் மூன்றையும் சேர்த்துக் கொடுப்பதுதான் நெடுங்காலம் ஐ.பி.எஃப்.-இன் வழக்கமான மருத்துவம். ‘என் நோயாளிகளுக்கு இது நன்றாகக் கேட்கிறது’ என்று சொன்ன நல்ல மருத்துவர்கள் எத்தனையோ பேர். அமெரிக்காவில் பாந்தர் என்ற சோதனையில் முதல்முறையாக அதைப் போலி மாத்திரையோடு ஒப்பிட்டார்கள். ஒவ்வொரு பக்கமும் எண்பதுக்கும் சற்றுக் குறைவான நோயாளிகள். மூன்று மருந்தும் பெற்றவர்களில் 8 பேர் இறந்தார்கள். போலி மாத்திரைக் குழுவில் ஒருவர். அந்தப் பகுதியைப் பாதியில் நிறுத்தி, 2012இல் முடிவை வெளியிட்டார்கள். ஒப்பீட்டுக் குழு இல்லாமலே போயிருந்தால் அந்த மருத்துவம் இன்னும் எத்தனை ஆண்டு நடந்திருக்குமோ.

மனிதர்களிடம் ஸ்டெம் செல் சோதனைகள் அந்தத் தராசில் எங்கே நிற்கின்றன? 2013இல் கிரேக்கத்தில் 14 பேருக்குக் கொழுப்பிலிருந்து எடுத்த செல்களை மூச்சுக்குழாய் வழியே செலுத்தினார்கள். அடுத்த ஆண்டு ஆஸ்திரேலியாவில் 8 பேருக்கு நச்சுக்கொடிச் செல்கள். 2017இல் மயாமியில் 9 பேருக்கு எலும்பு மஜ்ஜைச் செல்கள், 2 கோடியிலிருந்து 20 கோடி வரை, ஒரே தடவை. மூன்றுமே ‘பெரிய கெடுதல் நேரவில்லை’ என்று சொல்வதற்கான சோதனைகள். குணமாகிறதா என்ற கேள்விக்கு அவற்றின் அளவு போதாது. மயாமியில் இருவர் சிகிச்சையாலன்றி நோய் முற்றியதால் இறந்தார்கள்.

இந்த வரிசையில் கண்ணை நிறுத்தவைப்பது 2020இல் வந்த ரஷ்ய ஆய்வு. வேகமாக முற்றும் ஐ.பி.எஃப். உள்ள 20 பேரை எடுத்து, 10 பேருக்கு ஓராண்டில் மொத்தம் 160 கோடி செல்கள், 10 பேருக்குப் போலி ஊசி. செல் பெற்றவர்களின் மூச்சுக் கொள்ளளவு கொஞ்சம் ஏறியது, மற்றவர்களுக்கு இறங்கியது. எனக்கு இது உண்மையான நம்பிக்கைக் கீற்றாகவே படுகிறது. ஆனால் பக்கத்துக்கு 10 பேர் என்றால், இரண்டு நோயாளிகள் இடம் மாறியிருந்தாலே முடிவு மாறியிருக்கும். மூச்சளவுச் சோதனையில் நோயாளி எவ்வளவு ஊதுகிறார் என்பதும், ஆறு நிமிட நடையில் எவ்வளவு உற்சாகமாக நடக்கிறார் என்பதும் எண்ணை மாற்றும். இதைப் பல நூறு பேரிடம் செய்து உறுதிப்படுத்திய பெரிய சோதனை எதுவும் வரவில்லை. நாள்பட்ட அடைப்பு நோயான சி.ஓ.பி.டி.யில் இதே வகைச் செல்களை 62 பேரிடம் போலி ஊசியோடு ஒப்பிட்டு 2013இல் வெளியிட்டார்கள்: கெடுதல் இல்லை, மூச்சளவும் முன்னேறவில்லை.

இந்த நிலையில்தான் அபுதாபி வருகிறது. கோவிட் உச்சத்தில் இருந்த 2020 மே 1 அன்று அமீரகச் செய்தி நிறுவனமான வாம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. அபுதாபி ஸ்டெம் செல் மையம், நோயாளியின் சொந்த ரத்தத்திலிருந்து ஸ்டெம் செல்களைப் பிரித்து, செயலூட்டி, நுண்துளிப் புகையாக மூச்சில் இழுக்கவைக்கிறது. 73 பேருக்குக் கொடுத்ததில் 73 பேரும் தேறினார்கள். செல்களைச் சேகரிக்கும் முறைக்குப் பொருளாதார அமைச்சகம் காப்புரிமை தந்திருக்கிறது. ஊரடங்கில் முடங்கிக் கிடந்த நாட்கள் அவை. அன்றைக்கு வாட்ஸ்அப்பில் ‘அமீரகம் கொரோனாவுக்கு மருந்து கண்டுபிடித்துவிட்டது’ என்ற செய்தி தமிழிலும் சுற்றியது.

மையம் பிறகு தெளிவாகவே சொன்னது: இது வைரஸைக் கொல்லும் மருந்தல்ல, வழக்கமான மருத்துவத்தோடு சேர்த்துத் தரும் துணைச் சிகிச்சை. மே கடைசியில் ஒப்பீட்டு எண்களும் வந்தன. ஏழு நாளுக்குள் தேறும் வாய்ப்பு 3.1 மடங்கு என்றும், மருத்துவமனையில் தங்கும் காலம் 22 நாளிலிருந்து 6 நாளாகக் குறைந்தது என்றும் சொன்னார்கள். 2021இல் ஆய்வுக் கட்டுரையும் வெளியானது: 139 நோயாளிகள், குலுக்கல் முறையில் இரண்டு குழு. அறிவித்துவிட்டு மறந்துபோகும் மருத்துவ உலகில், குலுக்கல் சோதனை நடத்தி அச்சேற்றியதற்காக அந்த மையத்தைப் பாராட்டவேண்டும். ஆனால் யாருக்கு எது போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்தே நடந்த சோதனை அது. காப்புரிமையும் ஒரு முறை புதிது என்பதற்குத்தான் சான்று. அந்த முறை குணப்படுத்துகிறது என்பதற்கு அல்ல. 73க்கு 73 என்பதற்கும் ஒப்பீடு இல்லாமல் பொருளில்லை. கோவிட் வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர், அதிலும் வேலை செய்யும் வயதினர், எப்படியும் தேறினார்கள்.

சிக்கல் மையத்தின் அறிவிப்பைவிட அது சென்ற வழியில் இருந்தது. கோவிட் நுரையீரலைத் தேற்றிய செல்கள் தழும்பேறிய நுரையீரலையும் தேற்றும் என்ற தாவல் வெகு சுலபமாக நடந்தது. கோவிட் வந்து போனவர்களின் சி.டி. ஸ்கேனில் தழும்புபோல் தெரிந்தவை பலருக்கு ஓராண்டில் தானாகவே கணிசமாகக் குறைந்தன. அவர்களிடம் எந்தச் சிகிச்சையைச் சோதித்தாலும் அது வென்றதாகத் தோன்றும். ஐ.பி.எஃப். அதற்கு நேர் எதிர். தானாகத் திரும்புவதே இல்லை. அதிலும்கூடச் சிலருக்கு ஓராண்டு நோய் அசையாமல் நிற்கும், பிறகு சரியும். அசையாமல் நின்ற அந்த ஆண்டில் ஒருவர் ஸ்டெம் செல் ஏற்றிக்கொண்டிருந்தால், அவரைவிடச் சிறந்த விளம்பரம் கிடைக்காது. அவர் பொய் சொல்லவும் இல்லை.

சந்தை இந்த இடைவெளியில்தான் பிழைக்கிறது. அமெரிக்காவிலேயே கட்டுப்பாட்டுக்குள் வராமல் நூற்றுக்கணக்கான ஸ்டெம் செல் கிளினிக்குகள் முளைத்தன. ஃபுளோரிடாவில் கொழுப்புச் செல்களைக் கண்ணில் ஊசியாகப் போட்டதில் மூன்று பெண்கள் பார்வை இழந்ததை 2017இல் மருத்துவ இதழே பதிவுசெய்தது. அந்தப் பெண்களில் சிலர் அதை அரசுப் பதிவேட்டில் உள்ள மருத்துவ ஆய்வு என்று நம்பிப் போனவர்கள். அமெரிக்க அரசின் சோதனைப் பதிவேட்டில் ஒரு சோதனையின் பெயர் இருப்பது அங்கீகாரம் ஆகாது. யார் வேண்டுமானாலும் பதியலாம். நோயாளியிடமே காசு வாங்கும் ‘ஆய்வுகள்’ அதில் உண்டு என்பதைக் மின்னசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர் லீ டர்னர் அதே ஆண்டில் எடுத்துக்காட்டினார். என்னைக் கேட்டால், ஒரு ஸ்டெம் செல் இடத்துக்குள் நுழைந்ததும் கேட்கவேண்டிய முதல் கேள்வி இதுதான்: இந்தச் சோதனைக்கு நான் பணம் கட்டவேண்டுமா? ஆம் என்றால், அது சோதனை இல்லை, வியாபாரம்.

சட்டங்கள் நாட்டுக்கு நாடு வேறு. அரபு உலகில் ஸ்டெம் செல்லுக்கென்றே முதலில் விதி எழுதியது ஜோர்டான், 2014இல். இந்தியாவில் ஐ.சி.எம்.ஆர். 2017 வழிகாட்டி தெளிவாக இருக்கிறது: ரத்த நோய்களுக்கான ரத்த ஸ்டெம் செல் மாற்று மட்டுமே நிலைபெற்ற சிகிச்சை, மற்றதெல்லாம் அனுமதி பெற்ற சோதனைக்குள் மட்டும். 2019 மருந்து விதிகள் ஸ்டெம் செல் தயாரிப்புகளைப் புதிய மருந்தாகவே பார்க்கின்றன. அமெரிக்காவிலும் மீசன்கைமல் செல் மருந்துக்கு முதல் அனுமதி 2024 டிசம்பரில்தான் கிடைத்தது. அதுவும் மஜ்ஜை மாற்றுக்குப் பின் ஸ்டீராய்டுக்கு அடங்காத எதிர்வினை வரும் குழந்தைகளுக்காக. நுரையீரலுக்கு அல்ல. அபுதாபி மையம் மஜ்ஜை மாற்றுத் திட்டத்தில் செய்துவரும் பணியும் உறுதியான மருத்துவம்தான். ஒரே கட்டடத்துக்குள் நிலைபெற்றதும் நிலைபெறாததும் இருக்கலாம் என்பதை நோயாளிகள் மனதில் வைக்கவேண்டும்.

செல் சிகிச்சை எப்படி நடக்கவேண்டும் என்பதற்கு நம் பக்கத்திலேயே முன்மாதிரி இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யும் அங்குள்ள ஸ்டெம் செல் ஆய்வு மையமும் ஹீமோஃபிலியா ஏ நோயாளிகளின் சொந்த ரத்த ஸ்டெம் செல்லில் மரபணுவை ஏற்றித் திருப்பிச் செலுத்தியதை 2024இல் வெளியிட்டார்கள். ஐந்தே நோயாளிகள். ரத்தக்கசிவு நின்றது, உறைபொருள் அளவு ரத்தத்தில் ஏறியது என எண்ணால் அளக்கக்கூடிய விடை. அலோக் ஸ்ரீவாஸ்தவா குழு அதற்கு முன் பல ஆண்டுகள் உழைத்திருக்கிறது. அந்த வெளியீட்டை வைத்து யாரும் ‘எல்லா ரத்த நோய்க்கும் வேலூர் வாருங்கள்’ என்று பலகை வைக்கவில்லை.

நுரையீரலுக்குள் உண்மையிலேயே புதுச் செல்களை நட்டுவைக்கும் முயற்சி சீனாவில் நடக்கிறது. நோயாளியின் மூச்சுக்குழாயிலிருந்தே முன்னோடிச் செல்களைச் சுரண்டி எடுத்து, வளர்த்து, நுரையீரலுக்குள் திருப்பி இறக்குகிறார்கள். முதல்கட்டச் சோதனைதான் முடிந்திருக்கிறது. கண்காணிக்கவேண்டிய பாதை இது என்பது என் கணிப்பு; அதற்குமேல் இப்போது சொல்ல எதுவும் இல்லை.

இதற்கிடையே நிரூபணமான மருத்துவம் என்ன ஆயிற்று? பிர்ஃபெனிடோன், நின்டெடானிப் இரண்டும் 2014 அக்டோபரில் அமெரிக்க அனுமதி பெற்றவை. பெரிய சோதனைகளில் இவை நோய் முற்றும் வேகத்தை ஏறத்தாழ பாதியாக்கின. மருந்தில்லாதவர் ஆண்டுக்குச் சுமார் 240 மில்லி மூச்சளவை இழந்தால், நின்டெடானிப் எடுத்தவர் 115 மில்லிதான் இழந்தார். தழும்பை இவை அழிப்பதில்லை. 2025 அக்டோபரில் நெரண்டோமிலாஸ்ட் என்ற மூன்றாவது மருந்தும் அங்கே அனுமதி பெற்றது. வளைகுடா வெயிலில் நிற்பவர்களுக்கு இதில் ஒரு சூட்சுமம் உண்டு: பிர்ஃபெனிடோன் எடுக்கும்போது வெயில் பட்டால் தோல் வெந்துபோகலாம். அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 மணி வரை வெளிவேலைக்குத் தடை. காலை பத்து மணி வெயிலுக்குத் தடை கிடையாது. சைட்டில் வேலை என்பதை மருத்துவரிடம் சொல்லிவிட்டால் அவர் நின்டெடானிப்பை எழுதலாம். அதில் வயிற்றுப்போக்கும், தொடக்கத்தில் மாதாமாதம் கல்லீரல் பரிசோதனையும் உண்டு.

விலை இதைவிடப் பெரிய சூட்சுமம். அசல் பிராண்டு மாத்திரை வளைகுடாவில் மாதத்துக்குப் பல ஆயிரம் திர்ஹாம். 2025 ஜனவரி முதல் வடக்கு அமீரகங்களிலும் தனியார் தொழிலாளர்களுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஆண்டுக்கு 320 திர்ஹாம் அடிப்படைத் திட்டத்தில் நாள்பட்ட நோய்க்குக் காத்திருப்புக் காலம் இல்லை; அது நல்ல செய்தி. மருந்துக்கு மட்டும் ஆண்டு வரம்பு 1,500 திர்ஹாம், அதிலும் 30 விழுக்காடு நோயாளி கையிலிருந்து. இந்த வரம்புக்குள் அசல் மாத்திரை ஒரு மாதம்கூட ஓடாது. இந்திய ஜெனரிக் மாத்திரை மாதத்துக்குச் சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கிறது. ஊருக்குப் போய்த் திரும்பும் நண்பரின் பெட்டியில் பிரிஸ்கிரிப்ஷனோடு வந்து சேரும் அட்டைகளில்தான் பலருடைய மருத்துவம் ஓடுகிறது. ஸ்டெம் செல்லுக்காக நகை விற்கத் துணிபவர்களிடம், அந்தப் பணத்தில் இந்த மாத்திரை எத்தனை ஆண்டு வாங்கலாம் என்று கணக்குப் போட்டுக் காட்ட ஆளில்லை. மூச்சுப் பயிற்சி, வீட்டு ஆக்சிஜன், நிமோனியா தடுப்பூசி ஆகியவையும் ஆயுளுக்கும் மூச்சுக்கும் உதவுபவை. விளம்பரமில்லாததால் கவனிப்பாரில்லை.

கடைசிப் படி மாற்று நுரையீரல். கிளீவ்லாண்ட் கிளினிக் அபுதாபியில் அமீரகத்தின் முதல் நுரையீரல் மாற்று 2018 பிப்ரவரியில் நடந்தது. ரியாத்தின் மன்னர் ஃபைசல் சிறப்பு மருத்துவமனையிலும் நடக்கிறது. தமிழ்நாட்டில் 2008இல் தொடங்கிய மூளைச்சாவு உறுப்புக் கொடைத் திட்டத்தால் சென்னை இதில் இந்தியாவுக்கே முன்னோடி. 2020 ஆகஸ்டில் கோவிடால் நுரையீரல் அழிந்த ஒருவருக்கு மாற்று நடந்ததும் சென்னை எம்.ஜி.எம். மருத்துவமனையில்தான். வெளிநாட்டவருக்கு உறுப்புகள் போகின்றன என்று 2018இல் கிளம்பிய சர்ச்சைக்குப் பின் வரிசை முறை இறுகியிருக்கிறது. மாற்று நுரையீரல் பெற்றவர்களில் பாதிப் பேர் ஆறு ஆண்டுக்கு மேல் வாழ்கிறார்கள். ஆனால் பட்டியலில் பெயர் ஏற உடல் ஓரளவு தெம்பாக இருக்கவேண்டும். வயதும் எடையும் பார்ப்பார்கள். ஐ.பி.எஃப். என்று தெரிந்த உடனேயே மாற்று மையத்தில் ஒருமுறை காட்டிவிடுங்கள் என்று நிபுணர்கள் சொல்வது இதனால்தான். ஆறு மாதம் ஒரு கிளினிக், இன்னோர் ஆறு மாதம் வேறொரு கிளினிக் என்று செல் ஏற்றிப் பார்த்துவிட்டு, படுக்கையோடு சிலிண்டர் பிடித்துக்கொண்டு சென்னை விமானத்தில் ஏறுபவரைப் பட்டியலில் சேர்க்க மருத்துவர்களுக்குக் கை வராது.